மூன்று ‘ஏ’

ஏறாவூரில் ஆண்டுக்கு ஒரு முறை வீதியோரக் கம்பங்களில் பிள்ளைகளின் முகங்கள் தோன்றுவதுண்டு. உயர்தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளியாகிச் சில நாட்களுக்குள் பதாகைகள் எழுந்துவிடும். மூன்று பாடங்களிலும் ‘ஏ’ பெற்ற பிள்ளையின் படம், பெயர், பாடசாலை, கீழே வாழ்த்துவோரின் வரிசை ஆகியவை அப்பதாகையின் இலக்கணம். ‘மூன்று ஏ’ என்ற தொடருக்கு நம் ஊரில் உரை எழுத வேண்டுவதில்லை. தேநீர்க் கடையில் வேலை செய்யும் சிறுவனும் அதன் பொருளை அறிவான். அப்பதாகைகளின் கீழ் நின்று, இப்பிள்ளைக்கு ஒரு காலத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தோம் என்று பூரித்த ஆசிரியர் கூட்டத்தில் நாமும் ஒருவர்.

அதே மூன்று எழுத்துக்களை ஒரு மரத்தின் மீது கண்டோம். அவற்றை நம்பி, ஒரு தொழிலாளியின் இரண்டாண்டு உழைப்பில் ஒரு பகுதியை வீணாக்கக் காரணமானோம். அந்த நிகழ்ச்சியை வாசகரிடம் ஒப்புவிப்பதே இங்கு நம் நோக்கம். மரத்தின் தரத்தை அளப்பது எவ்வாறு என்பதில் தொடங்கும் இக்கதை, வேறொரு தராசின் முன் நம்மைக் கொண்டுபோய் நிறுத்தியது.

நம்மிடம் தமிழ் படித்த மாணவன் ஒருவன். ஓடாவி ஒருவரின் மகன். சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் அவனுக்குக் கைகொடுக்கவில்லை. இரண்டாந் தடவையும் அவ்வாறே ஆயிற்று. தகப்பனாரின் பட்டறையில் சில காலம் சீவுளி பிடித்தான். பின்னர் கட்டாருக்குச் சென்று, தளபாடத் தொழிற்கூடம் ஒன்றில் இரண்டு ஆண்டுகள் வேலை செய்து திரும்பினான். அங்கே ஒரே அறையில் தங்கியிருந்த பிலிப்பைன்ஸ் நாட்டுத் தொழிலாளர் இருவரிடம் கிற்றார் வாசிக்கப் பழகியிருந்தான். ஊர் திரும்பியபோது கடன் கொடுத்து, தங்கையின் காரியத்துக்கு ஒதுக்கி, எஞ்சிய பணத்தில் தனக்கென்று ஒரேயொரு பொருள் வாங்க விரும்பினான். அது ஒரு மின்கிற்றார்.

நாம் ஒரு கருத்தரங்குக்காகக் கொழும்புக்குப் போன நாளில் அவனும் உடன் வந்தான். “சேர் இங்கிலீசு வாசிப்பீங்கதானே” என்றான். அதுவே நம்மைத் துணைக்கு அழைத்ததற்குக் காரணம்.

கடையில் இரண்டு கிற்றார்கள் அவனுடைய கைக்கு எட்டும் விலையில் இருந்தன. ஒன்று கறுப்பு வர்ணம் பூசியது. அதன் உள்ளே என்ன மரம் என்பது தெரியவில்லை. மற்றதன் முகப்பில் தேன்நிற மெருகின் கீழ் அலை அலையான வரிகள் குறுக்கே ஓடின. புலித்தோலோ, காற்றில் நடுங்கும் நெருப்போ என்று கண் மயங்கிற்று. அதன் விலை முன்னதைவிட ஏறத்தாழ அவனுடைய ஒரு மாதச் சம்பளத்தளவு கூடியது. மாணவன் இரண்டையும் மடியில் வைத்து, மின்னிணைப்பு இல்லாமல் தந்திகளை மீட்டி, காதைச் சாய்த்துக் கேட்டான். கறுப்புக் கிற்றாரின் கழுத்து உடலோடு பொருந்திய இடத்தை விரலால் பல முறை தடவினான். அவனுடைய மனம் அதன் பக்கம் சாய்ந்ததை நாம் கண்டோம். ஆயினும் அவன் நம்மை நிமிர்ந்து பார்த்து, “எது நல்லது சேர்?” என்று கேட்டான்.

நாம் கிற்றாரைப் பார்க்கவில்லை. அதில் தொங்கிய அட்டையைப் பார்த்தோம். மேப்பிள் முகப்பு, அலைவரியுடையது, தரம் மூன்று ‘ஏ’ என்று ஆங்கிலத்தில் அச்சாகியிருந்தது. “தம்பி, மூன்று ஏ என்று போட்டிருக்கிறது. இதையே எடு” என்றோம். அவன் எடுத்தான். படித்தவர் வாக்கு அல்லவா?

மறுநாள் மாலை அவனுடைய தகப்பனாரின் பட்டறைக்குச் சென்றோம். அவர் அறுபதைக் கடந்தவர். இளமையில் மட்டக்களப்பு நகரத்துப் பறங்கித் தச்சர் ஒருவரிடம் தொழில் பழகியவர். போர்த்துக்கேயர் 1628இல் மட்டக்களப்பில் கோட்டை கட்டினர். பத்தே ஆண்டுகளில் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். ஆட்சி போயிற்று. ஆனால் போர்த்துக்கேயக் கலப்பு மொழியும், தச்சும் கொல்லும் ஆகிய கைத்தொழில்களும், கப்பிரிஞ்ஞா ஆட்டமும் இன்றுவரை பறங்கியர் வீடுகளில் எஞ்சியுள்ளன. பகலில் உளி பிடித்த கை மாலையில் வயலின் பிடிப்பதைத் தம் குருவின் வீட்டில் கண்டவர் இந்த ஓடாவியார். ஆதலால், மகன் கிற்றார் வாங்கியதை அவர் வீண்செலவென்று கடியவில்லை. “கொண்டு வா பாப்பம்” என்று மட்டும் சொன்னார்.

அவர் செய்த சோதனை மூன்று படிகளாக அமைந்தது.

முதலில் கிற்றாரை இரு கைகளிலும் ஏந்தி, வாசல் வெளிச்சத்தில் மெல்ல ஒருபக்கம் சரித்தார். ஒளிர்ந்த வரி இருண்டது. இருண்ட வரி ஒளிர்ந்தது. மறுபக்கம் சரித்தார். வரிகள் மீண்டும் இடம் மாறின. நடுவில் இணைந்த இரு பாதிகளுள் ஒன்று வெளிச்சமாகத் தோன்றும்போது மற்றது மங்கித் தோன்றிற்று. “அச்சடிச்ச தாளெண்டா அசையாது. இது மரந்தான்” என்றார். நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

அடுத்து, முகப்பின் விளிம்பில் கண்ணை ஓட்டினார். விளிம்பைச் சுற்றிலும் வெண்ணிறப் பட்டி ஒன்று ஒட்டப்பட்டு, மரத்தின் ஓரத்தை மறைத்திருந்தது. “ஓரத்தை மூடினா உள்ளுக்குப் பாக்கத்தான் வேணும்” என்றார். மகன் திருகாணிகளைக் கழற்றி, தந்தியின் அதிர்வை மின்னோட்டமாக மாற்றும் காந்தச் சுருளை வெளியே எடுத்தான். அது இருந்த குழியின் சுவரில் மரத்தின் வெட்டுமுகம் தெரிந்தது. மேலே ஒரு தடித்த தாளளவில் வெளிறிய கோடு. அவ்வளவுதான் மேப்பிள். அதன் கீழ் முழுவதும் இலேசான வேறொரு மரம்.

மூன்றாவதாக, கழுத்து உடலோடு சேரும் இடத்தைப் பார்த்தார். அங்கே நகம் நுழையும் இடைவெளி இருந்தது. கறுப்புக் கிற்றாரில் மகனின் விரல் தேடியது எதனை என்பது அப்போதுதான் நமக்கு விளங்கிற்று.

“அப்படியென்றால் ஏமாற்றிவிட்டார்களா ஐயா?” என்று கேட்டோம்.

“பொய் இல்ல சேர். பூ உண்மைதான். தடிப்புத்தான் இல்ல.”

இந்த ஒரு விடை நம்மைப் பல நாட்கள் துரத்திற்று. அட்டை பொய் சொல்லவில்லை. மேப்பிள் என்றது, மேப்பிளே. அலைவரி என்றது, அலைவரியே. மூன்று ‘ஏ’ என்றது, அதனையும் மறுக்க இயலாது. ஏனெனில் அந்த எழுத்தை இடுவதற்குப் பொதுவான நீதிமன்றம் எதுவும் உலகில் இல்லை.

பின்னர் நாம் படித்தும் கேட்டும் அறிந்தவற்றை இங்கே சுருக்கிச் சொல்வோம். மரத்தின் நார்கள் சாதாரணமாக நீளவாக்கில் நேராக ஓடுவன. சில மரங்களில் அவை நீரோட்டம் போல வளைந்து வளைந்து செல்கின்றன. அத்தகைய மரத்தை அரிந்தால், பலகையின் முகத்தில் நார்கள் ஓரிடத்தில் ஒளியை நம் பக்கம் திருப்பியும், அடுத்த இடத்தில் அப்பால் திருப்பியும் நிற்கும். ஒளியும் நிழலுமாகத் தோன்றும் வரிகள் இவையே. இவை நிறம் அல்ல, நாரின் சாய்வு. ஆகவேதான் பார்வை மாற வரியும் மாறுகிறது. நெருப்புப் போன்ற நெடுவரி வேண்டுமானால் மையத்திலிருந்து ஆரையின் வழியே அரிய வேண்டும். மெத்தை தைத்தாற் போன்ற கொப்புளத் தோற்றம் வேண்டுமானால் வளையங்களுக்குத் தொடுகோடாக அரிய வேண்டும்.

இத்தகைய பலகையை அளப்பவர் நோக்குவன சில. வரி ஓரம் முதல் ஓரம் வரை குறையாமல் ஓடுகிறதா? ஆழமாக உள்ளதா, மேலோட்டமா? இடையிடையே கறுத்த கனிமக் கீற்றுக்கள் உள்ளனவா? ஒரே பலகையைப் புத்தகம் போல் பிளந்து விரித்த இரு பாதிகளும் ஒன்றையொன்று கண்ணாடி போல ஒத்துள்ளனவா? இவற்றுக்கு ஏற்ப ஒரு ‘ஏ’ முதல் ஐந்து ‘ஏ’ வரை இடுவர். ஆனால் இடுபவர் யார்? பலகையை விற்பவரே. ஒருவரின் மூன்று மற்றொருவரின் நான்கு. அமெரிக்காவில் 1898இல் நிறுவப்பட்ட தேசிய வன்மரச் சங்கம் சாதாரணப் பலகைகளுக்கு விதி வகுத்துள்ளது. குறையற்ற மரம் ஒரு பலகையில் எத்தனை பங்கு கிடைக்கும் என்பதை அளந்தே அவ்விதி தரம் சொல்கிறது. அதனை எவரும் சரிபார்க்கலாம். அலைவரியின் அழகுக்கோ அத்தகைய அளவுகோல் இல்லை. அளவுகோல் இல்லாத இடத்தில் எழுத்துக்கள் பெருகுவது இயல்பு.

இந்த மோகத்துக்கு ஒரு வரலாறும் உண்டு. கிப்சன் நிறுவனம் 1952இல் லெஸ் போல் என்னும் மின்கிற்றாரை வெளியிட்டபோது, மகோகனி உடலின் மேல் மேப்பிள் முகப்பு வைத்து, அதன் மேல் தங்கநிறப் பூச்சுப் பூசியது. மரத்தில் வரி இருந்ததா இல்லையா என்று எவரும் காணவில்லை, கேட்கவும் இல்லை. 1958இல் பூச்சை மாற்றி, மரம் தெரியும் செந்நிற மெருகு இட்டார்கள். அப்பொழுது சில கிற்றார்களில் அலை தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. விற்பனை மந்தமாகி 1960இல் அவ்வடிவம் நிறுத்தப்பட்டது. பிற்காலத்தில் புகழ்பெற்ற கலைஞர் சிலர் அவற்றை வாசிக்கவே, அந்த மூன்றாண்டுக் கிற்றார்கள் செல்வர்களின் சேகரிப்புப் பொருள்களாயின. அலை அதிகமானது அதிக விலை பெற்றது. பூச்சின் கீழ்க் கிடந்த மரம் அதே மரந்தான். பார்க்கின்ற கண்ணும் கொடுக்கின்ற கையுமே மாறின.

ஓடாவியாரிடம் இவற்றைச் சொன்னபோது அவர் சிரித்தார். “எங்கட தொழிலில பூ விழுந்த மரத்தை வளைக்குப் போடமாட்டம் சேர்” என்றார். கூரையின் பாரம் தாங்கும் வளைக்கும், வண்டியின் ஏர்க்காலுக்கும், தோணியின் துடுப்புக்கும் நேர்நார் வேண்டும். வளைந்த நார் பாரம் ஏற முறியும். சீவுளி வைத்தாலோ நார் பிய்ந்து வரும். உளியைப் பன்மடங்கு தீட்டி, கடைசியில் உடைந்த கண்ணாடித் துண்டால் சுரண்டித்தான் முகம் எடுக்க வேண்டும். ஆகவே ஓடாவியின் கணக்கில் அலைவரி ஒரு குறை. தளபாடம் வாங்கும் செல்வரின் கணக்கில் அதுவே நிறை. ஒரே பலகை, இரண்டு தரம். எது சரி என்று கேட்டால், ‘எதற்கு?’ என்ற கேள்வியே விடை.

இது அமெரிக்க மேப்பிளுக்கு மட்டும் உரிய கதையன்று. நம் மாகாணத்து முதிரை மரத்தின் கதையும் இதுவே. 1845 முதல் இலங்கையில் குடியேற்றச் செயலாளராகவிருந்த எமர்சன் தெனன்ற் 1859இல் வெளியிட்ட தமது நூலில், கிழக்கு மாகாணத்து வீடுகள் எல்லாம் முதிரையாலேயே தளமும் கூரைமரமும் பெற்றிருந்ததைக் குறிப்பிடுகிறார். நிறம் செறிந்து இறகு போலப் பூவோடிய துண்டுகள் தளபாடத்துக்கும், சாதாரணமானவை வீடு கட்டவும் போயின என்கிறார். நம் மரக்காலைகளில் எழுத்து இல்லாமலே அன்று தரம் பிரிக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இலண்டன் மாளிகைகளில் இம்மஞ்சள் மரத்தின் மீது காதல் பிறந்தது. முதலில் மேற்கிந்தியத் தீவுகளின் மரமும், பின்னர் இந்தியாவினதும் இலங்கையினதும் முதிரையும் கப்பலேறின. பூவோடியது கடல் கடந்தது. பூவற்றது வீட்டைத் தாங்கியது.

பூவற்றதன் பெருமைக்குச் சான்று வேண்டுமா? நாம் பேராதனையில் தமிழ் படித்த காலத்தில் மகாவலியின் மேலுள்ள பாலத்தை எத்தனையோ முறை கடந்திருக்கிறோம். அவ்விடத்தில் 1833இல் முழுவதும் முதிரை மரத்தாலேயே ஒரே வளைவாகப் பாலம் ஒன்று அமைக்கப்பட்டு, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் கண்டி வீதியின் பாரத்தைத் தாங்கி நின்றது. அந்த மரங்களுக்கு எவரும் எழுத்து இடவில்லை.

இனி, அலைவரியின் விலையை உண்மையில் கொடுப்பவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் மாதத்தில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்திலுள்ள ஒலிம்பிக் தேசியக் காட்டில், பெரிய இலை மேப்பிள் மரங்களைத் திருட்டுத்தனமாக வெட்டி வந்த சிலர், ஒரு மரத்தடியில் இருந்த குளவிக் கூட்டைப் பெற்றோல் ஊற்றி எரித்தனர். தீ பரவி ஏறத்தாழ 3,300 ஏக்கர் காடு எரிந்தது. இசைக்கருவிக்கு உகந்த அலைவரி மரத்துக்காகவே அத்திருட்டு நடந்தது. 2021இல் நடந்த வழக்கில், ஆலைக்கு விற்கப்பட்ட பலகையின் மரபணுவும் காட்டில் நின்ற அடிக்கட்டைகளின் மரபணுவும் ஒன்றெனக் காட்டப்பட்டது. வெட்டியவர் சிறை சென்றார். வரியை விரும்பியவரின் சுவரில் கிற்றார் தொங்கிக்கொண்டுதான் இருக்கும். குற்றத்தை நாம் நியாயப்படுத்தவில்லை. ஆயினும் ஒரு பொருளின் மேனிக்கு இத்தனை எழுத்தும், அதனை வெட்டிய கைக்கு எழுத்தே இன்மையும் எவ்வகைத் தராசு என்று கேட்காமல் இருக்கவும் இயலவில்லை.

நம் நாட்டின் தென்மேற்கு ஈரக்காடுகளில் வளரும் கலமந்தர் மரம் மற்றொரு சாட்சி. கபிலமும் கறுப்புமாய்க் கோடோடும் அம்மரத்தின் அழகே அதற்குப் பகையாயிற்று. ஒல்லாந்தர் காலத்திலிருந்து கணக்கின்றி வெட்டியதனால், தெனன்ற்றின் நாளிலேயே அது அரிதாகிவிட்டது. அழகு என்று பெயர் சூட்டி, அதற்கு விலை கூறி, மரத்தையே இல்லாமற் செய்த தரமிடல் அது.

பட்டறைக்குள் இன்னும் ஒன்று உண்டு. முதிரையை அரியும்போது எழும் தூள் சிலரின் தோலில் பட்டால் சொறியும் தடிப்பும் உண்டாகும். ஓடாவியாரின் முழங்கைகளில் அந்தத் தழும்புகளை நாம் பல முறை கண்டிருந்தும் காரணம் கேட்டதில்லை. முதிரைத் தளபாடத்தின் மெருகை வியந்து எழுதிய ஆங்கிலேயர் பலர். அந்த மெருகின் கீழ்க் கிடக்கும் கையைப் பற்றி எழுதியவர் சிலரே.

இத்தனைக்கும், வரியால் இசை சிறக்கிறதா? மின்கிற்றாரில் தந்தியின் அதிர்வைக் காந்தச் சுருளே பற்றுகிறது. முகப்பின் அலை அதன் கண்ணில் படுவதில்லை. மின்சாரமற்ற கிற்றாரிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டனர். பின்பலகையும் பக்கப்பலகையும் மட்டும் வெவ்வேறு மரங்களாலாகி, மற்றெல்லாம் ஒத்த ஆறு கிற்றார்களை 52 பேரிடம், மரம் கண்ணுக்குத் தெரியாதவாறு கொடுத்து வாசிக்கச் செய்தனர். விலை உயர்ந்த அரிய மரத்தையும் மலிந்த மரத்தையும் ஒலியால் தரம் பிரிக்க அவர்களால் இயலவில்லை. கண் மூடப்பட்டபோது எழுத்துக்களும் மறைந்தன.

இதனை அறிய நாம் இங்கிலாந்து வரை போயிருக்க வேண்டியதுமில்லை. பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையன் வருகிறான். குமிழ மரத்தின் உட்டுளையுள்ள கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்யாழ் செய்து குறிஞ்சிப் பண் வாசிக்கிறான். அவன் கையிலிருந்தது காட்டில் கிடைத்த கொம்பு, வரியில்லை, மெருகில்லை. ஆனால் அந்தக் கொம்பு எதற்கு உதவும் என்பதை அவன் அறிந்திருந்தான். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் பல்லாண்டு உழைத்து 1947இல் யாழ்நூலைத் தந்தார். மறைந்துபோன கருவியின் சுருதியைக் கணக்கால் மீட்டெடுப்பதே அவருடைய தேடலாக இருந்தது. இவற்றையெல்லாம் வகுப்பில் கற்பித்து, பரீட்சைக்கு வினாவும் எடுத்த நாமே, கடையில் ஓர் அட்டையைக் கண்டு மயங்கினோம் என்பது நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டிய செய்தி.

‘தரம்’ என்ற சொல் நம் நாட்டுப் பிள்ளையின் வாழ்வைப் பிறப்பிலிருந்தே சுற்றிக்கொள்கிறது. தரம் ஒன்றில் சேர்க்கிறோம். தரம் ஐந்தில் புலமைப்பரிசில் பரீட்சை எழுதுவிக்கிறோம். பின்னர் சாதாரண தரம், உயர்தரம். ஆசிரியராகிய நமக்கும் சேவையில் தரங்கள் உண்டு. எழுபதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதியில் புகுத்தப்பட்ட தரப்படுத்தலோ ஒரு தலைமுறைத் தமிழ் இளைஞரின் நெஞ்சில் ஆறாத புண்ணாயிற்று. அதே வேளை, அதனையடுத்து வந்த மாவட்டப் பங்கீட்டினால் மட்டக்களப்புப் போன்ற பின்தங்கிய மாவட்டங்களின் பிள்ளைகள் சிலர் பல்கலைக்கழக வாசலைக் கண்டதும் உண்மை. பலகையை ஒரு பக்கம் சரித்தால் ஒரு வரி. மறுபக்கம் சரித்தால் மற்றொரு வரி. ஒரு பக்கம் மட்டும் பார்த்துத் தீர்ப்பெழுதியோர் இரு சாராரிலும் இருந்தனர்.

தரமிடுதலே கூடாது என்பது நம் வாதமன்று. ஓடாவியும் தரமிடுகிறார். அவர் தரமிடாமற் போனால் கூரை நம் தலையில் விழும். ஆனால் அவர் பலகையைச் சரித்துப் பார்க்கிறார். விளிம்பை மறைத்திருந்தால் உள்ளே பார்க்கிறார். எதற்கு இது என்று கேட்ட பின்னரே சொல்கிறார். நாமோ வாங்குபவரின் ஒரே தேவைக்கு ஏற்ற வரியை எல்லாப் பிள்ளைகளின் முகத்திலும் தேடுகிறோம். இருந்தால் பதாகை, இல்லையேல் மௌனம். பதாகையில் ஏறிய பிள்ளையைக் குறைகூறவும் நாம் வரவில்லை. அப்பிள்ளையின் உழைப்பும் உண்மை, பூவும் உண்மை. ஆனால் தடிப்பு எவ்வளவு என்று எந்த எழுத்தும் சொல்வதில்லை. எழுத்தே பெறாத பிள்ளையிடம் தடிப்பு இருந்ததையும் அது சொல்வதில்லை.

வீட்டில் பழைய தாள்களிடையே நம் கைப்பட எழுதிய புள்ளிப் பதிவேடு ஒன்று இருந்தது. அம்மாணவனின் பெயருக்கு நேரே ‘கவனம் போதாது’ என்று எழுதியிருந்தோம். இலக்கண வகுப்பில் அவன் மேசையின் மூட்டுக்களை விரலால் தடவிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது. ஆடிக்கொண்டிருந்த நம் கதிரையை ஒரு நாள் யாரும் கேட்காமலே அவன் திருத்தி வைத்ததும் நினைவுக்கு வந்தது. கவனம் அவனிடம் இருந்தது. அதனை எங்கே வைத்திருக்கிறான் என்று பார்க்கும் கவனம் நம்மிடம் இல்லாதிருந்தது.

சில மாதங்களுக்குப் பின் பட்டறைக்கு மீண்டும் சென்றோம். அந்தக் கிற்றாரை அவன் விற்கவில்லை. கழுத்தைக் கழற்றி, இடைவெளிக்கு மெல்லிய மரத்துண்டு செதுக்கி வைத்து, இறுக்கிப் பூட்டியிருந்தான். இப்பொழுது அது முன்னைவிட நன்றாக ஒலித்தது. மேசையில் புதிதாக ஒரு பலகை கிடந்தது. பழைய கதவொன்றின் முதிரைப் பலகை. 1990ஆம் ஆண்டின் வன்செயலில் ஏறாவூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தாரும் உயிரும் வீடும் இழந்தனர். அந்நாட்களில் எரிந்த வீடொன்றிலிருந்து ஓடாவியார் எடுத்து வைத்திருந்த கதவு அது. எவருடைய வீடு என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. ஒரு மூலையில் கரி இன்னும் ஒட்டியிருந்தது. எஞ்சிய பக்கத்தை மகன் சீவி, கண்ணாடித் துண்டால் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்திருந்தான். மஞ்சள் மரத்தின் குறுக்கே இறகு விரித்தாற் போலப் பூ ஓடியிருந்தது. இரண்டு ஆணித் துளைகள் அந்தப் பூவின் நடுவே இருந்தன.

“இதுக்கு எத்தனை ஏ போடுவீங்க சேர்?” என்று சிரித்தான்.

பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தோம். கனமாக இருந்தது. ஒரு பக்கம் சரித்தோம், மறுபக்கம் சரித்தோம். விளிம்பைப் பார்த்தோம், உள்ளும் புறமும் ஒரே மரம். கரிந்த மூலையில் நகத்தால் கீறிப் பார்த்தோம். அதன் கீழும் மஞ்சள் தெரிந்தது. பின்னர், பத்தாண்டுகளுக்கு மேலாகப் பதிவேடுகளில் எழுதி வந்தும் ஒரு பிள்ளையிடமும் கேட்டறியாத கேள்வியை அவனிடம் கேட்டோம்:

“இதை எதுக்கு எடுக்கப் போறாய் தம்பி?”